அடுப்பும் அன்றாடக் கணக்கும்

மாலையில் ரொக்கக் கணக்கு நேராகும்வரை காசாளர் தம் இருக்கையை விட்டு எழுவதில்லை. இன்றைய சிறு வித்தியாசத்தை நாளைக்குத் தள்ளினால், அது எங்கே தொடங்கிற்று என்பதே மறைந்துவிடும். வங்கியில் இவ்வொழுங்கைக் காக்கும் நாம், வீட்டு அடுப்பங்கரையில் அதனை மறந்துவிடுகிறோம்.

அண்மையில் பெங்களூருவிலுள்ள நம் இல்லத்தில் எரிவாயு உருளை வழக்கத்தினும் விரைவில் தீர்ந்தது. பாத்திரங்களின் அடியில் கரி படிந்தது. இல்லாள் இருமுறை எடுத்துரைத்தும் நாம் செவிசாய்க்கவில்லை. இறுதியில் பர்னரைக் கழற்றிப் பார்த்தபோது, பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் காய்ந்து பாதித் துளைகளை அடைத்திருந்தன. பல்லாண்டுகளாக அவ்வடுப்பில் சமைத்ததை உண்ட நாம், அதனைக் கழற்றியது அன்றுதான் முதன்முறை.

சுடர் நீலமாக எரிந்தால் வாயு முழுமையாக எரிகிறது என்று பொருள். மஞ்சளாக எரிந்தால், போதிய காற்றின்றி அரைகுறையாக எரிகிறது. அதனால் வாயு வீணாவதோடு, மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் உண்டாகிறது. மழைக்கும் குளிருக்கும் சன்னல்களை அடைத்து வைக்கும் இந்நகரக் குடியிருப்புகளில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

இந்நகரின் லால்பாக் சாலையிலுள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் 1924-இல் தோன்றிய உணவகம். அதனை நடத்திய யக்ஞநாராயண மையா, 1951-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள உணவகங்களின் தூய்மையைக் கண்டு வந்தார். திரும்பியதும் பாத்திரங்களைக் கிருமி நீக்கும் வழக்கத்தைப் புகுத்தினார். உண்ண வருவோர் சமையற்கூடத்தைக் கண்ணால் காணவும் வழிசெய்தார். அங்கு வாடிக்கையாளரே தணிக்கையாளர்.

நம் அடுப்பங்கரைக்கு அத்தகைய தணிக்கையாளர் எவருமில்லை. சமைப்பவரும் துலக்குபவரும் ஒருவராகவே இருக்க, ஏனையோர் கூடத்தில் அமர்ந்து உண்கிறோம். நம் கருத்தில் குறை இங்குதான் உள்ளது. உண்பவர் அனைவரும் அடுப்பைப் பார்க்கும் வழக்கம் வீடுதோறும் வரவேண்டும்.

அதற்குப் பெருமுயற்சி வேண்டா. இரவில் அடுப்பு ஆறியபின் ஈரத்துணியால் துடைக்க இரண்டு நிமிடம் போதும். வாரம் ஒருமுறை ரெகுலேட்டரை மூடி, பர்னரைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் நீக்கி, நன்கு உலர்த்திப் பொருத்துக. பித்தளையாயின் புளியும் உதவும். அடிப்பிடித்த பாத்திரத்தை உடனே சுரண்டாமல் நீரூற்றி ஊறவிடுக. நான்ஸ்டிக் சட்டியில் கம்பி நார் படவே கூடாது. குக்கரின் ஆவிக்குழாயில் அடைப்பு உண்டா என்பதை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பார்த்தல் நலம்.

நம் இல்லத்தில் இப்பொழுது ஞாயிறுதோறும் பர்னர் கழுவுவது நம் பொறுப்பு. சுடர் நீலமாக எரிந்தால் அவ்வாரக் கணக்கு நேர்.