‘ஒரு சைஸ் கூடப் போடுவோம் சேர்’

கொழும்பிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, டயர் மாற்றப் போகிறவர்களின் காதில் விழும் வாசகம் ஒன்றுண்டு: “ஒரு சைஸ் கூடப் போடுவோம் சேர், கார் கொஞ்சம் எழும்பி நிற்கும்.” தேநீருக்குச் சீனி கூடப் போடவா என்று கேட்பது போன்ற தொனியில் இது கேட்கப்படுகிறது. உரிமையாளர் தலையாட்டுகிறார். அரை மணித்தியாலத்தில் நான்கு சில்லுகளும் மாறிவிடுகின்றன. அவற்றோடு சேர்ந்து வேகமானி, தூரமானி, பிறேக், கியர் ஆகியவற்றின் கணக்கும் மாறிவிட்டது என்பதை விற்றவர் சொல்வதில்லை. வாங்கியவரும் கேட்பதில்லை.

கணக்கு என்று சொன்னேன். அது எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்குத்தான். எமது வீதிகளில் பெருகிக் கிடக்கும் சுசுகி வெகன் ஆர் காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிலிருந்து வந்த அதன் சாதாரண ரகங்களுக்குத் தொழிற்சாலை பொருத்தும் டயர் 155/65 ஆர் 14. இதில் 155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் 65 சதவீதம். 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். (நடுவிலுள்ள ‘ஆர்’ ஆரையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ‘ரேடியல்’ என்ற டயர் அமைப்பைக் குறிப்பது.) இவற்றைக் கூட்டிப் பார்த்தால் சில்லின் முழு விட்டம் 557 மில்லிமீற்றர். கடைக்காரர் பரிந்துரைக்கும் 175/65 ஆர் 14 டயரின் விட்டமோ 583 மில்லிமீற்றர். வித்தியாசம் 26 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ 4.7 சதவீதம்.

முதலில் அந்த ‘எழும்பி நிற்கும்’ வாக்குறுதியைப் பார்ப்போம். விட்டம் 26 மில்லிமீற்றர் கூடினால் அச்சு உயர்வது அதில் பாதி, 13 மில்லிமீற்றர் மட்டுமே. ஒரு விரலின் தடிப்புக்கூட இல்லாத இந்த உயரத்துக்காகவே மற்ற எல்லாம் பலியிடப்படுகின்றன.

வேகமானிக்குத் தெரிந்தது சில்லு எத்தனை முறை சுற்றுகிறது என்பது மட்டுமே. ஒரு சுற்றில் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்பதைத் தொழிற்சாலை அதற்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறது. டயரைப் பெரிதாக்கினால் அது பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில், தொழிற்சாலை டயரோடு முள் 100 காட்டிய அதே சுற்றில், இப்போது கார் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் கூடுதல் வேகத்தில் போகும். “வேகமானி எப்படியும் கூட்டித்தான் காட்டும், அதற்குள் இது அடங்கிவிடும்” என்பது கடைக்காரர்களின் வழக்கமான பதில். கூட்டிக் காட்டுவது உண்மைதான். உண்மையான வேகத்தைவிடக் குறைவாக எந்நிலையிலும் காட்டக்கூடாது என்பது ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி. அதனால்தான் உற்பத்தியாளர்கள் ஓர் இடைவெளியை வைத்து அனுப்புகிறார்கள். ஆனால் அந்த இடைவெளி சாரதியின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது, கடைக்காரர் தமது கையிருப்பை விற்றுத் தீர்ப்பதற்காக அல்ல.

பிறேக்கின் கதை இதைவிடப் பாரதூரமானது. சில்லைப் பிடித்து நிறுத்தும் பாகங்கள் மாறவில்லை. ஆனால் சில்லின் ஆரை கூடிவிட்டதால், அதே அழுத்தம் வீதியில் தடுக்கும் விசையாக மாறும்போது 4 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. முன்பு போல நிற்க வேண்டுமானால் மிதியைக் கூடுதலாக அழுத்த வேண்டும். இயந்திரத்துக்கும் இதே கதிதான். பெரிய சில்லு எல்லாக் கியரையும் ஒரு படி உயர்த்திவிட்டது போன்ற விளைவைத் தருகிறது. 658 சிசி கொள்ளளவுள்ள அந்தச் சிறு இயந்திரம், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

2022 இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் அளந்து கொடுக்கப்பட்ட நாட்களில், “லீற்றருக்கு ஓடும் தூரம் குறைந்துவிட்டது” என்று புலம்பாதவர் இல்லை. பெரிய டயர் போட்டிருந்தவர்களின் புலம்பலில் ஒரு பகுதி வெறும் பொய்க்கணக்கு. தூரமானி ஓடிய தூரத்தையே குறைத்துக் காட்டியது. மறுபகுதி மெய். அகலமும் பாரமும் கூடிய டயரை உருட்ட எரிபொருள் கூடுதலாகத்தான் செலவாகும்.

இதற்கு எதிர்மாறான கூத்தும் நடக்கிறது. கிலோமீற்றர் கணக்கில் வாடகைக்கு விடப்படும் காரில் அளவு குறைந்த டயரைப் போட்டால் யாருக்கு இலாபம்? 165/70 ஆர் 14 போட வேண்டிய விட்ஸ் காரில் 155/65 ஆர் 14 பொருத்தினால், 400 கிலோமீற்றர் ஓட்டம் தூரமானியில் 421 என்று பதிவாகும். கடையில் தராசைச் சோதிக்கும் நாட்டில், இந்தத் தராசை யார் சோதிக்கிறார்கள்?

இளைஞர்களின் மோகம் வேறு திசையில் போகிறது. பெரிய அலோய் றிம், அதன்மேல் ரப்பர் பட்டி போல மெல்லிய டயர். முழு விட்டம் மாறாதபடி கணக்குப் பார்த்துச் செய்தால் இதில் பெரிய குற்றமில்லை. வெகன் ஆர் ஸ்டிங்ரே ரகத்துக்குச் சுசுகி நிறுவனமே 165/55 ஆர் 15 பொருத்தியிருக்கிறது. விட்ட வித்தியாசம் ஒரு சதவீதம்தான். ஆனால் எமது வீதிகளின் குழிகளை அந்த மெல்லிய பக்கச் சுவர் தாங்காது. அடி நேரே றிம்முக்குப் போகிறது, றிம் நெளிகிறது, சில்லுத் தாங்கிகள் தேய்கின்றன. அகன்ற டயர் மழைநீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைவு. இரண்டு பருவமழை பெய்யும் நாட்டில் இது சிறிய விடயமல்ல.

டயர்ப் பஞ்சம் இருந்த காலத்தை நான் மறக்கவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, டயர் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டது. கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடினோம். முன் அச்சில் இடது ஒன்று, வலது வேறொன்று என்று ஓடியவர்களும் உண்டு. அப்படி ஓடினால் கார் ஒரு பக்கம் இழுப்பதோடு, இரு சில்லுகளுக்கும் இடையிலான பற்சக்கரங்கள் நேர்வீதியிலும் ஓய்வின்றி உழைத்துத் தேயும். அன்று அது இல்லாமையின் விளைவு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கே கதவு திறந்துவிட்ட பின்னரும் அந்தப் பழக்கம் ஏன் ஆலோசனை என்ற பெயரில் விற்கப்படுகிறது?

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஜேர்மனியில் அங்கீகாரம் பெறாத அளவில் டயர் மாட்டினால் வாகனத்தின் இயக்க அனுமதியே இல்லாமற் போகக்கூடும். கனடாவில் எம்மவர்கள் பனிக்காலத்துக்குச் சிறிய றிம்மும் தடித்த டயரும் மாற்றுகிறார்கள்; ஆனால் முழு விட்டம் மாறாதபடி பார்த்தே மாற்றுகிறார்கள். இங்கேயோ, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகும் தனியார் காரின் புகையை 2008 முதல் அளந்து வருகிறோம். அந்தப் புகைப் பரிசோதனை நிலையத்துக்குள் கார் உருண்டு போன டயரின் அளவை ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

அண்மையில் கொழும்பில் ஒரு கடையில் எனக்குத் தரப்பட்ட பற்றுச்சீட்டில் “டயர் 4” என்று மட்டும் எழுதியிருந்தது. அளவில்லை, பாரச் சுட்டெண் இல்லை, உற்பத்தி வாரமும் ஆண்டும் இல்லை. பாரச் சுட்டெண் 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும், 71 என்றால் 345 கிலோதான். நான்கு சில்லுகளிலும் சேர்த்து 168 கிலோ வித்தியாசம். இரண்டு மனிதர்களின் எடை. இவற்றை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, “ஏன் சேர், வழக்குப் போடவா?” என்று சிரித்தார்கள். ஆம், தேவைப்பட்டால் அதற்குத்தான். விபத்தொன்றின் பின் காப்புறுதிக்காரர் டயரைப் பார்க்க வரும்போது, “கடைக்காரர் சொன்னார்” என்பதை நிரூபிக்க உரிமையாளரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

நுகர்வோர் அதிகாரசபை செய்ய வேண்டியது மிகச் சிறியது. தொழிற்சாலை அளவு எது, பொருத்திய அளவு எது, இரண்டுக்கும் விட்ட வித்தியாசம் எத்தனை சதவீதம் என்ற மூன்று வரிகளைப் பற்றுச்சீட்டில் கட்டாயமாக்கட்டும். முதலாவது வரிக்கான விடை சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் இருக்கிறது. ஜப்பானிய எழுத்துகள் விளங்காது போகலாம். இலக்கங்கள் எல்லோருக்கும் விளங்கும்.