எங்கள் வீட்டு ஜீப்

சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உங்கள் வீட்டில் நல்ல கார் இருக்கிறதே, அப்படியிருக்கக் கடை கண்ணிக்கெல்லாம் ஏன் அந்தக் கடகட ஜீப்பிலேயே வருகிறீர்கள்? கண்காட்சியில் வைக்க வேண்டிய வண்டியல்லவா அது?"

பிரகாரத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய கதையாக அது இல்லை. ஆகவே, இந்த வாரம் இந்தப் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அது புருஷர்கள் சமாசாரம் என்றுதான் நானும் வெகுநாள் ஒதுங்கியிருந்தேன். ஒதுங்கியிருந்தது எவ்வளவு பெரிய பிசகு என்பது ஒரு மாலை நேரத்தில் எனக்குப் புரிந்தது.

என் மாமனார் வால்பாறைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து டாக்டராக இருந்தவர். 1966-ல் செய்த ஒரு ஜீப்பை 1970-ல் இரண்டாம் கையாக வாங்கினார். ஆழியாரிலிருந்து வால்பாறை போகும் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மழையிலும் பனியிலும் அந்த வளைவுகளில் ஏறி இறங்கிய வண்டி அது. நடு ராத்திரியில் எந்த லயத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும், மாமா சட்டையை மாட்டுவதற்குள் ஜீப் உறும ஆரம்பித்துவிடும் என்று என் மாமியார் சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூருக்கு வந்தபோது, மாமா எதை விட்டுவிட்டு வந்தாலும் ஜீப்பை விட்டுவிட்டு வரவில்லை.

2004-ல் மாமா காலமானார். அதற்குப் பிறகு ஜீப் கொட்டகையில் நின்றது. அதன் மேல் பழைய தொட்டில், உடைந்த நாற்காலி, தென்னமட்டை எல்லாம் ஏறின. உள்ளே எலிகள் குடும்பம் நடத்தின. அப்படியே பத்தொன்பது வருஷம் போயிற்று. 2023-ல் ஒரு நாள், எங்கள் வீட்டுக்காரர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பாவின் வண்டியை எழுப்பப் போகிறேன்" என்றார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் எங்களுக்குச் சரித்திரப் பாடம்தான். 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வண்டி வேண்டுமென்று கேட்டதாம். பாண்டம் என்ற சிறு கம்பெனி நாற்பத்தொன்பதே நாளில் மாதிரி வண்டியைச் செய்து நிறுத்தியதாம். பிறகு வில்லிஸும் போர்டும் சேர்ந்து, 1945-ல் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்துவிட்டார்களாம். யுத்தத்துக்குப் பின் அதே வண்டி குடியானவருக்கும் டாக்டருக்கும் உழைக்க வந்தது. 1953-ல் புது எஞ்சின் வந்தது. அது உயரமாக இருந்ததால் மூடியையும் உயர்த்தினார்கள். நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி பல வருஷங்கள் செய்தது அந்த உயர்ந்த மூக்கு வண்டியைத்தான். மாமாவின் ஜீப்பும் அந்த ஜாதிதான். இவ்வளவையும் கேட்டு முடிப்பதற்குள் எத்தனையோ நாள் ரசம் ஆறிப்போயிற்று.

வீட்டில் உடனே இரண்டு கட்சிகள் ஏற்பட்டன. எங்கள் வீட்டுக்காரர் 'ஒரிஜினல்' கட்சி. ஓர் ஆணிகூடக் கம்பெனி வைத்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காலேஜில் படிக்கும் என் பையன் அலங்காரக் கட்சி. யானைக் கால் மாதிரி டயர், முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, நெற்றியில் வரிசையாக ஆறு விளக்கு எல்லாம் அவனுக்கு வேண்டும்.

"தினமும் ஓட்டப் போகிறோமா, துடைத்துத் துடைத்து வைக்கப் போகிறோமா? அதை முதலில் சொல்லுங்கள்" என்றேன் நான்.

"தினமும் ஓட்டத்தான்" என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் சொல்லின.

அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விசாரித்ததில் இரண்டு கட்சிக்கும் ஒவ்வொரு குட்டு விழுந்தது. ஐம்பது வயது தாண்டிய, உருமாறாத வண்டிகளைப் புராதன வண்டியாகப் பதிவு செய்துகொள்ள 2021-ல் விதி வந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாமே தவிர, தினசரி உபயோகத்துக்குத் தெருவில் எடுக்கக்கூடாது! தினமும் ஓட்ட வேண்டுமானால், மற்ற வண்டிகளைப்போல ஆர்.டி.ஓ. ஆபீசில் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பையனுக்கு விழுந்த குட்டு 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது அது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்துவிட்டது. முன்னால் வைக்கும் கம்பித் தடுப்பு கூடாது என்று 2017-லேயே மத்திய சர்க்கார் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. தெருவில் போகிறவர் மேல் இடித்தால், அவருக்குத்தான் அந்தக் கம்பி எமன். பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங் கனத்துப் போகும். பிரேக்குக்கும் வேலை கூடும். பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி பட்டறைக்குப் போயிற்று. அங்கே இருந்த வயதான மேஸ்திரி வண்டியைச் சுற்றி வந்து, கீழே படுத்துப் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்: "அம்மணி, கண்ணுக்குத் தெரியற வேலையை அப்புறம் பாத்துக்கலாமுங்க. தெரியாத வேலையை முதல்ல முடிச்சுப் போடலாமுங்க."

அவர் சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னேனா? இல்லை. புருஷர்கள் சமாசாரம் என்று இருந்துவிட்டேன். தீபாவளிக்குள் வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். டிங்கர் வேலை, பட்டி, பெயிண்ட், புதுக் கித்தான் கூரை, ஸீட்டுக்கு உறை என்று கையிலிருந்த பணத்தில் பெரும் பங்கு மேற்பூச்சுக்கே போய்விட்டது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார்கள். பிரேக்குக்குப் புது எண்ணெய் ஊற்றினார்கள். குழாய்களை அப்படியே விட்டுவிட்டார்கள். 'ஒரிஜினல்' குழாய் அல்லவா!

அந்த ஒரிஜினல் வெறியில் இன்னொரு காரியமும் நடந்தது. இடது பக்கம் ஏறும் இடத்தில் கனத்த இரும்பில் ஒரு படி இருந்தது. பழைய படங்களை எல்லாம் புரட்டிப் பார்த்து, "கம்பெனி வைத்ததல்ல இது" என்று எங்கள் வீட்டுக்காரர் அதைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டார். அதனால் என் மாமியாரால் வண்டியில் ஏற முடியவில்லை. "எனக்கென்ன, நான் எங்கே போகப் போகிறேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பதிவு புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, வண்டி வாசலுக்கு வந்தது. நானும் ஓட்டப் பழகினேன். முதல் கியர் போட வேண்டுமானால் வண்டி நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் நறநறவென்று கடிக்கும். அதெல்லாம் பழகிவிட்டது.

ஒரு மாலை, பெண்ணைப் பாட்டு வகுப்புக்கு அழைத்துப் போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பின்னால் உட்கார்ந்து வர்ணத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ரயில் மேம்பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் சத்தமில்லாமல் தரை மட்டும் இறங்கிவிட்டது. மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. எதிரே ஸ்கூல் பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை. பின்னால் போகும் தண்டைப் பிடிக்கிறது. பெடலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டு கையாலும் இழுத்தேன். வண்டி வேகம் குறைந்து, ஓரத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. பெண் மட்டும், "அம்மா, ஏன் இங்கே நிறுத்தினாய்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் மேஸ்திரி விளக்கினார். பிரேக் எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. பத்தொன்பது வருஷம் நின்றதில் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து அரித்துவிட்டது. அந்தக் காலத்து அமைப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்கேயாவது ஓரிடத்தில் குழாய் பிளந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இப்போதைய வண்டிகளில் வழியை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று போனால் மற்றொன்று காப்பாற்றும்.

இனி அந்த வண்டியே வேண்டாம், விற்றுவிடுங்கள் என்று அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. அப்போது மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "ஏன் கண்ணு, கொட்டகையில் கிடக்கிற படி யார் வைத்தது தெரியுமா?" என்று மகனைக் கேட்டார்.

"தெரியாது, அம்மா. கம்பெனிப் படி இல்லை அது."

"கம்பெனிக்கு என்ன தெரியும்? 1972-ல் நீ என் வயிற்றில் ஏழு மாசம். புடவையும் கட்டிக்கொண்டு, உன்னையும் சுமந்துகொண்டு அந்த உயரத்துக்கு ஏற முடியாமல் ஒரு நாள் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். மறுநாளே உங்கப்பா பொள்ளாச்சிப் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்தப் படியை வைத்துக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பிரேக் குழாயைத் தடவிப் பார்க்காமல் மலை ஏற மாட்டார். வண்டியில் ஏறுகிறவர்கள் பத்திரமாக இறங்க வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. நீ கம்பெனி வண்டியையா எழுப்புகிறாய், உங்கப்பா வண்டியையா?"

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து கொட்டகைக்குப் போனார். ஐம்பது வருஷத்துக்கு முன் தமக்காகவே வைத்த படியைத் தாமே கழற்றி எறிந்திருக்கிறார்! அதைத் துடைத்துக்கொண்டு அங்கேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

வண்டி மறுபடி பட்டறைக்குப் போயிற்று. இந்தத் தடவை நானும் கூடவே போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என்னென்ன செய்தோம் என்று சொல்கிறேன். கொட்டகையில் பழைய வண்டி தூங்கும் வீடுகளுக்கு உபயோகப்படும். எந்த மாறுதலையும் செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொண்டோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் குழாய்கள், ரப்பர்கள், லைனிங் எல்லாம் புதிது. எண்ணெய் வழியை இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டர் வைத்தோம். ஸ்டியரிங்கைக் கால்வட்டம் திருப்பினால்தான் சக்கரம் அசைந்துகொண்டிருந்தது. தேய்ந்த பாகங்களை மாற்றியதும் சொன்னபடி கேட்கிறது. எலி கடித்த ஒயர்களுக்கு ஒட்டுப் போடாமல், முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக இழுத்து, பியூஸ் வைத்தோம். பழைய டைனமோ, வண்டி மெதுவாகப் போகும்போது போதிய மின்சாரம் தராது, விளக்கு மங்கிவிடும். அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. இந்த ஜீப்பில் பெட்ரோல் டாங்கி டிரைவர் ஸீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆகவே பெட்ரோல் குழாய்களையும் பம்பின் ரப்பர்த் தகட்டையும், எத்தனாலைத் தாங்கும் ரகமாகப் பார்த்து மாற்றினோம். ஸீட் பெல்ட்டும் வைத்தோம். அதை மெல்லிய தகட்டில் முடுக்கினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று மேஸ்திரி அடியில் கனத்த பட்டை கொடுத்துப் பூட்டினார்.

இவற்றில் ஒன்றுகூட வெளியே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அது 1966-ம் வருஷத்து ஜீப்தான். படி மட்டும் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்றார் மாமியார்.

குறைகள் இல்லாமல் இல்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால், பக்கத்தில் இருப்பவரோடு சைகையில்தான் பேச வேண்டும். மழை அடித்தால் கித்தான் ஓரமாகத் தண்ணீர் வந்து மடியில் விழுகிறது. பெட்ரோல் குடிப்பதைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்காகத்தான் தூரப் பயணத்துக்குக் காரை வைத்திருக்கிறோம். மார்க்கெட்டுக்கும், பாட்டு வகுப்புக்கும், கோயிலுக்கும் ஜீப். வாரத்தில் நாலு நாளாவது ஓடுவதால், எங்கே எண்ணெய் சொட்டுகிறது, எங்கே புதுச் சத்தம் கேட்கிறது என்று உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது. பத்தொன்பது வருஷம் நின்றதால் வந்த கேடு, எத்தனையோ வருஷம் மலையில் ஓடியபோது வரவில்லையே!

கோயில் அம்மாளுக்கு இதுதான் என் பதில். அடுத்த வெள்ளிக்கிழமை அவரையும் ஒரு சுற்று அழைத்துப் போவதாக இருக்கிறேன். ஏறுவதற்குச் சிரமம் ஒன்றும் இராது, படி இருக்கிறது. முன் ஸீட் மட்டும் கிடைக்காது. அங்கே என் மாமியார் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு, நான் கிளம்பும் முன், "பிரேக்கை ஒரு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு எடு, அம்மணி" என்று தினந்தோறும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.