கருவி மட்டும் போதாது

"பேசுவது கேட்குது, என்ன பேசுறீங்கன்னுதான் புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது நடிப்பல்ல. முதுமையில் முதலில் தேய்வது கீச்சு ஒலிகளைக் கேட்கும் திறன்தான். உயிரொலி காதில் விழும், ச, த, க எல்லாம் மங்கிவிடும். சாவி எது, காவி எது என்று தெரியாது. கத்திப் பேசினால் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது.

2017 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியோருக்குக் காது மிஷின் இலவசமாகவே கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் கோளாறு. குக்கர் விசில், மின்விசிறி இரைச்சல், தட்டு உருளும் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து மோதும்போது எந்தத் தாத்தாவும் மிஷினைக் கழற்றி மேஜை டிராயரில் போடத்தான் செய்வார். வேண்டிய ஒலியைப் பிரித்தெடுக்கப் பழக மூளைக்குச் சில வாரங்களாவது பிடிக்கும். முதலில் அமைதியான அறையில், எதிரே ஒரே ஒருவர், தினமும் சிறிது நேரம். பிறகு மெல்லக் கூட்டலாம். இந்தப் பயிற்சியைச் சொல்லித்தராமல் கருவியை மட்டும் விற்பது அரை வைத்தியம். (விலையில் மட்டும் அரை கிடையாது!)

வீட்டாருக்கும் பாடம் உண்டு. அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். வெளிச்சத்தில் முகம் காட்டி, நிதானமாகப் பேசுங்கள். மிஷின் வாங்கும் அன்றே செவித்திறன் நிபுணரிடம் (ஆடியாலஜிஸ்ட்) அடுத்த மாதத்துக்கும் தேதி வாங்கிவிடுங்கள்.