ரத்த குரூப் வேறன்னா சொந்தத்துல கட்டலாமா?

பொட்டிப்புரம் என்றதும் பலருக்கு நியூட்ரினோ திட்டம்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு விசேஷ வீட்டில் என் காதில் விழுந்தது வேறு பேச்சு.

"எம் மகளை என் தம்பிக்கே பேசி முடிச்சாச்சு. ரத்த குரூப்பும் வேற வேற. அப்புறமென்ன பயம்?" என்றார் ஓர் அம்மா. கல்லூரி கடைசி வருஷம் படிக்கும் அந்த மகள் அப்போது எதுவும் பேசவில்லை. பிறகு தனியாக வந்து, "அக்கா, நிஜமாவே பிரச்னை வராதா?" என்று கேட்டாள்.

ரத்த குரூப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆர்ஹெச் நெகட்டிவ், பாசிட்டிவ் சிக்கல் தனி. அதற்கு ஊசி இருக்கிறது. இங்கே விஷயம் மரபணு.

நம் எல்லோரிடமும் சில பழுதான மரபணுக்கள் உண்டு. ஒன்று பழுதானாலும் அதன் ஜோடி நன்றாக இருந்தால் பெரும்பாலும் பாதிப்பு தெரியாது. அதே பழுது கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. முதல் குழந்தை நன்றாகப் பிறந்தாலும் அடுத்ததற்கும் அதே 25%தான்.

அத்தை மகன், மாமன் மகள் என்றால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமன், அக்கா மகள் என்றால் நாலில் ஒரு பங்கு. அதனால் பிறவிக் காது கேளாமை, பார்வைக் குறைபாடு, தலசீமியா, மூளை வளர்ச்சிக் குறைபாடு போன்றவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, 2013-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பிறவிக் குறைபாட்டு அபாயம் பொதுவாக 3%. நேரடி அத்தை, மாமன், சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மணந்தால் 6%. அதாவது 100-ல் 94 குழந்தைகள் நலம். "எங்க தாத்தா பாட்டி நல்லாத்தானே இருந்தாங்க" என்பதும் இதனால்தான். ஆனால், தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டினால் அபாயம் ஏறும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28% பேர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்கிறது தேசிய குடும்பநல ஆய்வு (2019-21).

பேச்சு நடக்கிறதா? நிச்சயத்துக்கு முன்பே மூன்று தலைமுறையை எழுதுங்கள். சின்ன வயதில் இறந்தவர்கள், காது கேளாதவர்கள் யாரும் உண்டா? அந்தத் தாளோடு மரபணு ஆலோசனைக்குப் போங்கள். எங்கே போவது என்று க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே மணமானவரா? பயம் வேண்டாம். கர்ப்பமானதும் டாக்டரிடம் உறவுமுறையைச் சொல்லுங்கள். 18-20 வாரத்தில் ஸ்கேன், பிறந்ததும் காது பரிசோதனை அவசியம். குறை இருந்தால் தாயைப் பழிக்காதீர்கள். பழுது இருவரிடமிருந்தும் வருவது.

"எங்கம்மாகிட்ட காட்டணும், எழுதித் தாங்கக்கா" என்றாள் அவள்.

எழுதிவிட்டேன் தங்கச்சி. காட்டு. முடிவு உன்னையும் கேட்டு எடுக்கப்படட்டும்.