கொம்புத் தேனும் சக்கர நாற்காலியும்

"முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா?" என்பது நம்மவர் நாவில் எப்பொழுதும் தயாராய் இருக்கும் பழமொழிகளுள் ஒன்று. சொல்லுகிறவர் பெரியதொரு ஞானத்தை உதிர்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுகிறார், கேட்கிறவரும் தலையாட்டுகிறார். கால் வழங்காத ஒருவனுக்குத் தேன் ஏன் இனிக்கக்கூடாதென்றோ, அதனை அவனுக்கு எட்டச்செய்ய ஒரு வழி கண்டால் யாருக்கு என்ன குறைந்துவிடுமென்றோ ஒருவரும் கேட்பதில்லை. ஆசைப்பட்டவனைக் குற்றவாளியாக்கி, வழி செய்யாதவனைத் தப்பவிடும் இப்பழமொழி, இன்றும் நம் வீடுகளிலும் பொது இடங்களிலும் சட்டம்போல் ஆட்சி செய்துவருகிறது. அவ்வாட்சியைக் கண்கூடாகக் காண விரும்புவோர், சக்கர நாற்காலியில் வாழும் உறவினர் இருவரை அழைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் ஏதேனுமொரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் வருவாராக.

"கேளிக்கைதானே! இதற்கும் ஒரு கண்டனக் கட்டுரையா?" என்று சில கனவான்கள் நகைக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 2019-ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர். நீரிழிவு முற்றினால் காலுக்கு என்ன கதி நேரும் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலிழந்த தாத்தாவோ, அத்தையோ, பெரியப்பாவோ இல்லாத தெரு நம்மிடையே அரிது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியும் வாளி சுமந்தும் தேய்ந்த கால்கள் அவை. அந்தக் கால்கள் உழைத்த கூலியில் வளர்ந்த பிள்ளைகள், மாதக்கணக்கில் வெள்ளி சேர்த்து, பேரப்பிள்ளைகளோடு ஒரு நாள் சிரித்திருக்க அவர்களை அழைத்துப் போகிறார்கள். அந்த ஒரு நாள் அற்பமென்று சொல்லுகிறவர் வாழ்க்கையை அறியாதவர்.

கேளிக்கைப் பூங்கா என்பதுதான் என்ன? கால் வலிமையைக் காட்டும் களமா? அங்கே உயர ஏறுகிறவன் தன் காலால் ஏறுவதில்லை. சுழலுகிறவன் தன் காலால் சுழலுவதில்லை. வானளாவும் இராட்டினத்தில் வீற்றிருப்போரும், மலைபோல் ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டரில் அலறுவோரும், ஓர் இருக்கையில் அமர்ந்து, வாரினால் கட்டப்பட்டு, பொறியினால் சுமக்கப்படுகிறவர்களே. மல்லனும் அங்கே உட்கார்ந்துதான் இன்பம் பெறுகிறான். அத்தகைய இடத்தில் "நடக்க இயலாதவர் ஏறக்கூடாது" என்பது, கணக்கெழுத வந்தவனைப் பாடத் தெரியவில்லையென்று திருப்பியனுப்புவதை ஒக்கும். ஆயிரம் பேரை ஆகாயத்தில் சுழற்றத் தெரிந்த பொறியாளனுக்கு, தரைக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள ஆறு படிகளைக் கடக்கும் வழி மட்டும் தெரியாமற் போயிற்றாம்!

உள்ளே நிகழ்வதைச் சிறிது பார்ப்போம். சாய்வுப் பாதை என்றால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும் என்பது கட்டட வேலை அறிந்தோர் ஒப்புக்கொண்ட கணக்கு. அதனைக் குறுக்கினால் ஏறும்பொழுது தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும்; இறங்கும்பொழுது நாற்காலி அவரை இழுத்துக்கொண்டு ஓடும். தள்ளுகிறவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. நாற்காலிகள் இரண்டாயின் தள்ள இருவர் வேண்டும். குழந்தையின் கையைப் பிடிக்க மூன்றாமவர் வேண்டும். அழகுக்காகக் கரடுமுரடாய்க் கல் பதித்த வீதியில் முன்சக்கரம் சிக்கித் திணறும்.

வரிசைக்கென வளைத்து வளைத்துக் கட்டிய இரும்புக் கிராதிகளுக்கிடையே நாற்காலி திரும்பாது. "பின்பக்கக் கதவுக்குப் போங்கள்" என்பார்கள். அக்கதவைத் திறக்கும் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். புறவாசலில் நிறுத்திவைப்பதை எதிர்த்துக் கோயில் வாயில்களில் போராடிய சமூகத்துக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுமா?

ஆட்டத்தின் அருகே போய்ச் சேர்ந்தபின், நாற்காலியிலிருந்து இருக்கைக்குத் தாமே மாற வேண்டும், அல்லது உடன் வந்தவர் தூக்கி வைக்க வேண்டும், ஊழியர் தூக்கமாட்டார் என்பது பல பூங்காக்களின் விதி. ஒரு வண்டிக்கு ஒரு நாற்காலிதான் என்பது பல ஆட்டங்களில் காணும் மற்றொரு விதி. கணவனும் மனைவியும் நாற்காலியில் இருப்பவராயின், ஒருவர் படகில் போக மற்றவர் கரையில் நின்று கையசைக்க வேண்டும். கழிவறையின் கதையோ இன்னும் கொடிது. தாயை அழைத்துச் செல்லும் மகன் ஆண்கள் பக்கம் போவானா, பெண்கள் பக்கம் போவானா? இருவர் புகத்தக்க தனியறை வேண்டும். அப்படி ஒன்று இருக்குமிடத்திலும் வாளியும் துடைப்பமும் அதில் குடியிருக்கக் கண்டிருக்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் நிர்வாகத்தார் கூறும் சமாதானம் "பாதுகாப்பு" என்பதே. அதில் மெய்யும் உண்டு; மறைக்கமாட்டோம். பொறி நடுவானில் நின்றுபோனால் குறுகிய இரும்புப் படிகளில் இறங்க நேரிடும். சில ஆட்டங்களின் வேகத்தைக் கழுத்தும் முதுகும் தாங்கியாக வேண்டும். உயிரைப் பணயம் வைக்க எவரும் கேட்கவில்லை. நாம் கேட்பது வேறு. குழந்தையின் உயரத்தை அளக்க ஆட்டத்தின் வாயிலில் கோல் நட்டு வைத்திருக்கிறார்களே, இத்தனை அங்குலம் இல்லாதவர் ஏறக்கூடாதென்று முன்கூட்டியே அறிவிக்கிறார்களே. அதே நேர்மையை நாற்காலியில் வருகிறவரிடம் ஏன் காட்டுவதில்லை? எந்த ஆட்டத்தில் நாற்காலியோடு ஏறலாம், எதில் மாறி உட்கார வேண்டும், எதில் எத்தனை படிகள் உள்ளன என்பதைச் சீட்டு விற்கும் சாளரத்திலேயே, தமிழிலும், எழுதி வைத்தால் என்ன? முழு விலையையும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, வெயிலில் ஒரு மணி நேரம் காக்கவைத்து, முடிவில் "உங்களுக்கில்லை" என்று கைவிரிப்பதற்குப் பெயர் பாதுகாப்பா, வஞ்சகமா?

"செய்ய முடியாது" என்ற பேச்சும் செல்லாது. அமெரிக்காவில் 2010-இல் வெளியிடப்பெற்ற அளவு விதிகளின்படி, சில விலக்குகள் நீங்கலாக, புதிதாய் அமைக்கும் ஆட்டம் ஒவ்வொன்றிலும் நாற்காலியோடு இருக்க ஓர் இடமோ, எளிதில் மாறி அமரத்தக்க ஓர் இருக்கையோ, மாற்றிவிடும் ஒரு கருவியோ இருந்தாக வேண்டும். அதே 2010-இல் அந்நாட்டின் சான் அன்டோனியோ நகரில், கோர்டன் ஹார்ட்மன் என்பவர், குறைபாட்டுடன் பிறந்த தம் மகளின் பெயரால் மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட் என்ற பூங்காவைத் திறந்தார். அங்கே நாற்காலியோடே இராட்டினத்தில் ஏறலாம். உடற்குறையுடையோருக்குக் கட்டணம் இல்லை. 2017-இல் அதன் அருகே நீர்ப்பூங்காவும் எழுந்தது. மின்கலம் நனைந்தால் கெடுமென்பதால், அழுத்திய காற்றினால் ஓடும் நாற்காலிகளை அங்கே வைத்தார்கள். பண்டார் சன்வேயின் பழைய ஈயச் சுரங்க நிலத்திலே அலையடிக்கும் குளத்தை உண்டாக்கிக் காட்டிய நாட்டுக்கு, ஒரு சாய்வுப் பாதை மட்டும் கைகூடாத வித்தையா?

சட்டம் இல்லாமலுமில்லை. மலேசியாவில் 2008-இல் இயற்றப்பெற்ற உடற்குறையுடையோர் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பொது வசதிகளையும் கட்டடங்களையும், 32-ஆம் பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் பற்றி உரிமை கூறுகின்றன. ஆனால் மீறியவருக்குத் தண்டனை இன்னதென்று கூறாமலே அச்சட்டம் பிறந்தது. பல்லில்லாத காவல் நாய்க்குத் திருடன் அஞ்சுவதில்லை. சிங்கப்பூரிலோ 1990-லேயே கட்டடங்களுக்கு இத்தகைய விதித்தொகுப்பு வந்தது. 2020 முடிவதற்குள் பொதுப் பேருந்துகள் யாவும் நாற்காலி ஏறத்தக்கவையாயின. அரசாங்கம் மனம் வைத்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு அப்பேருந்துகளே சாட்சி.

பிறரைக் கேட்டது போதும், நம்மவரையும் கேட்போம். நாற்காலியில் இருப்பவரை மரநிழலில் நிறுத்தி, மடியில் எல்லார் பைகளையும் அடுக்கி, "நீங்கள் இங்கேயே இருங்கள், நாங்கள் ஒரு சுற்றுப் போய் வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகும் குடும்பங்கள் எத்தனை! பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே நிறுத்தி, "இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பழகிய அதே வாய்தான் இங்கும் பேசுகிறது. இன்னும் சிலர் அழைத்துப் போவதே இல்லை, "அவருக்கேன் வீண் அலைச்சல்?" என்பார்கள். அலைச்சல் யாருக்கென்று அவர்கள் மனம் அறியும். "எல்லாம் தலைவிதி, முன்செய்த வினை" என்று முடிவுரை கூறும் பெரியவர்களும் இருக்கிறார்கள். படி கட்டியவன் கொத்தன்; வரைபடத்துக்கு ஒப்பம் இட்டவன் அதிகாரி; பணம் போட்டவன் முதலாளி. இதில் விதி எங்கே வந்தது? வினையின்மேல் பழி போடும் ஒவ்வொருவரும், அம்மூவரும் பொறுப்பிலிருந்து நழுவுவதற்குத் துணை நிற்கிறார்கள்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. ஆட்டம்தோறும் உள்ள நிலையைச் சீட்டு விற்குமுன் அறிவிக்க வேண்டும். ஏற இயலாத ஆட்டங்களுக்கு ஏற்பக் கட்டணம் குறைய வேண்டும். நாற்காலி முன்வாசல் வழியே, மற்றவரோடு ஒரே வரிசையில் போகப் பாதை அகல வேண்டும். இருவர் புகத்தக்க கழிவறை துப்புரவாய்த் திறந்திருக்க வேண்டும். புதிதாய் வரும் ஆட்டம் எதற்கும், நாற்காலிக்கு வழி காட்டாமல் உரிமம் வழங்கலாகாது.

இவை தாமே வந்துவிடா. அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டு நாற்காலியை வீட்டிலே விட்டுப் போகாதீர்கள். போகுமுன் பூங்காவுக்கு எழுதிக் கேளுங்கள்; மறுமொழியை எழுத்தில் வாங்குங்கள்; சொன்னது ஒன்று, கண்டது வேறாயின் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்; பயனீட்டாளர் சங்கத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் புகார் எழுதுங்கள். ஒரு குடும்பம் கேட்டால் தொல்லை என்பார்கள். நூறு குடும்பங்கள் கேட்டால் அதிகாரிகளே அளவுகோலோடு வந்து நிற்பார்கள். கேட்கும்பொழுது கைகட்டி நிற்க வேண்டாம். சாய்வுப் பாதை தருமமன்று. நாம் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்கிய சீட்டுக்குரிய சரக்கு.