குடிக்க இயலாத குழந்தை ‘தண்ணீர் குடித்துவிட்டது’

வட இந்தியாவில் பேறுகால அறைகளுக்கு வெளியே காத்திருப்போர் அடிக்கடி கேட்கும் தொடர் ஒன்று உண்டு: ‘பச்சே நே கந்தா பானி பீ லியா.’ குழந்தை அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டது என்பது அதன் பொருள். தமிழகத்தில் அதுவே ‘புள்ள தண்ணியக் குடிச்சிடுச்சு’ என்றாகும். கருப்பைக்குள்ளேயே மலங்கழித்த குழந்தை, அது கலந்த நீரை மூச்சோடு உள்ளிழுத்துத் திணறும் நிலையைச் சுட்டவே இத்தொடர் பெரிதும் வழங்குகிறது. அந்நிலை உண்மையானது, ஆபத்தானதும்கூட. ஆனால் பிறந்த குழந்தையின் மூச்சுத்திணறல், வாயில் தள்ளும் நுரை, உடல் நீலம் பாரித்தல் ஆகிய அனைத்திற்கும் இவ்வொரு தொடரையே விடையாகச் சொல்லும் வழக்கமும் வேரூன்றிவிட்டது. விடை முன்கூட்டியே கிடைத்துவிட்டால் சோதித்துப் பார்க்கும் எண்ணம் எழுவதில்லை. அதனால் காலம் தவறி உயிரிழக்கும் குழந்தைகளுள் ஒரு பிரிவினர், எதையுமே குடிக்க இயலாதவர்களாகப் பிறந்தவர்கள்.

உணவுக்குழாய் முழுமையாக உருவாகாமல் பிறக்கும் குழந்தைகள் அவர்கள். கரு உருவான நான்காம் வாரத்தில், தொடக்கத்தில் ஒன்றாக இருக்கும் முன்குடல் உணவுக்குழாயாகவும் மூச்சுக்குழாயாகவும் பிரிகிறது. அப்பிரிவு பிழைபடும்போது உணவுக்குழாயின் மேற்பகுதி மூடிய பை போல நடுவிலேயே முடிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளுள் 100-க்கு ஏறத்தாழ 85 பேரிடம், கீழ்ப்பகுதி இரைப்பையிலிருந்து மேலே வந்து மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கும். ஏறத்தாழ 3,500 பிறப்புகளில் ஒன்றுக்கு இக்குறை நேர்கிறது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் இந்தியாவில், இக்கணக்கின்படி ஆண்டுதோறும் 5,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதை எதிர்கொள்கின்றன.

கருவிலுள்ள குழந்தை பனிக்குட நீரை விழுங்குவது இயல்பு. விழுங்கும் வழி அடைபட்டிருந்தால் அந்நீர் குறையாமல் பெருகும். எனவே, ஸ்கேனில் பனிக்குட நீர் மிகுந்திருப்பதும் இரைப்பையின் குமிழ் தென்படாமையும் இக்குறைக்கான முன்னறிகுறிகளாகக் கருதப்படுகின்றன. பல கருக்களில் இவை தென்படுவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் தென்பட்ட இடங்களில், விழுங்க இயலாமையால் தாயின் வயிற்றில் நீர் பெருகக் காரணமாக இருந்த குழந்தையை, பிறந்தவுடன் ‘தண்ணீர் குடித்துவிட்டது’ என்று சொல்வது எத்துணை முரண்! அதன் வாயில் தள்ளும் நுரை குடித்த நீரன்று. விழுங்க வழியின்றித் தேங்கிய அதன் சொந்த எச்சில்.

இந்த முரண் வெறும் சொற்பிழையாக நின்றுவிடுவதில்லை. நுரைக்குக் காரணம் தெரிந்துவிட்டதாகக் கருதப்படும் குழந்தைக்கு அடுத்துத் தரப்படுவது பால். சில இடங்களில் அதற்கும் முன்பே தேன், சர்க்கரைத் தண்ணீர், ‘குட்டி’ என வட இந்தியாவில் வழங்கும் மருந்து, தமிழகத்தில் ‘சேனை’ ஆகியவை நாவில் வைக்கப்படுகின்றன. மேற்பையில் நிறைந்த பால் வழிந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது. குழந்தைக்குப் புரையேறுகிறது, உடல் நீலம் பாரிக்கிறது. கீழிருந்தும் ஆபத்து உண்டு. குழந்தை அழும்போது மூச்சுக்குழாயின் காற்று அந்தத் தவறான இணைப்பு வழியே இரைப்பைக்குள் புகுந்து வயிற்றை உப்பச் செய்கிறது. இரைப்பையின் அமிலம் அதே வழியில் நுரையீரலுக்கு ஏறுகிறது. நிமோனியா தொடங்கிய பின்னர் அறுவை மேசைக்கு வரும் குழந்தையும், தூய நுரையீரலோடு வரும் குழந்தையும் ஒரே வாய்ப்போடு வருவதில்லை.

இத்தனைக்கும் இதைக் கண்டறியும் சோதனை எளியது. சற்று விறைப்பான 8 அல்லது 10 எண் ரப்பர் கதீட்டரை வாய்வழியே மெல்லச் செலுத்தினால் போதும். இயல்பான குழந்தைக்கு அது இரைப்பை வரை செல்லும். இக்குறையுள்ள குழந்தைக்கு வாயிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டரில் தடைப்பட்டு நிற்கும். மெல்லிய, மென்மையான குழாயைப் பயன்படுத்தினால் அது மேற்பைக்குள்ளேயே சுருண்டு, உள்ளே சென்றுவிட்டது போல ஏமாற்றக்கூடும். குழாய் உள்ளே இருக்கும்போதே எடுக்கும் ஓர் எக்ஸ்-ரே ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். படத்தில் வயிற்றுக்குள் காற்றும் தெரிந்தால், கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கிறது என்று பொருள்.

மருத்துவம் இந்நோயை நெடுங்காலமாக அறியும். 1670-இல் வில்லியம் டர்ஸ்டன் உணவுக்குழாய் இவ்வாறு முடிந்துவிடுவதைப் பதிவு செய்தார். 1697-இல் தாமஸ் கிப்சன் மூச்சுக்குழாய் இணைப்போடு கூடிய வகையை விவரித்தார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இக்குழந்தைகளைக் காப்பாற்றும் வழி இருக்கவில்லை. 1941-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கேமரன் ஹெய்ட் ஒரே அறுவையில் உணவுக்குழாயின் இரு முனைகளையும் இணைத்து ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தார். 1994-இல் லண்டனில் லூயிஸ் ஸ்பிட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பிறப்பெடை 1,500 கிராமும் அதற்கு மேலும் இருந்து, பெரிய இதயக் குறையும் இல்லாத குழந்தைகளுள் 97 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதே அறிவியல் உலகின் எல்லா இடங்களிலும் ஒரே பயனைத் தரவில்லை. 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில், இக்குறை உள்ளிட்ட ஏழு பிறவிக் குடற்குறைகளை ஆராய்ந்து 2021-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, உயிரிழப்பை உயர்வருவாய் நாடுகளில் 5.6 விழுக்காடு, நடுத்தர வருவாய் நாடுகளில் 20.4 விழுக்காடு, குறைவருவாய் நாடுகளில் 39.8 விழுக்காடு எனக் காட்டியது. இது மருத்துவமனையை வந்தடைந்த குழந்தைகளின் கணக்கு மட்டுமே. வந்தடையாமல் ‘தண்ணீர் குடித்ததால்’ இறந்தோர் இதில் சேரார்.

இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. ஆகவே, குழந்தை பிறக்கும் இடத்தில் பயிற்சி பெற்றவர் எவருமில்லை என்னும் பழைய சமாதானம் இன்று பெரும்பாலும் செல்லாது. குறை வேறிடத்தில் உள்ளது. குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம், 30 நிலைகளைப் பட்டியலிட்டது. அதன் பிறவிக் குறைகள் பிரிவில் பிளவுபட்ட உதடு, வளைந்த பாதம், பிறவிக் கண்புரை, இதயக் குறை முதலிய ஒன்பது இடம்பெற்றன; உணவுக்குழாய்க் குறை இடம்பெறவில்லை. உதட்டின் பிளவைப் பாட்டியும் காண்பார். தொண்டைக்குக் கீழே நிகழ்ந்திருப்பதைக் கருவியின்றி எவரும் காண இயலாது. கண்ணுக்குப் புலப்படாத குறையைத்தான் பட்டியல் நினைவூட்ட வேண்டும். ஆஷா பணியாளரின் வீட்டு வருகை மூன்றாம் நாளில் தொடங்குகிறது. இக்குழந்தைக்கோ முதல் சில மணி நேரங்களே முடிவை வகுக்கின்றன.

பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் குழாய் செலுத்த வேண்டும் என்று இதற்குப் பொருளன்று. நலமாக அழும் குழந்தையின் தொண்டைக்குள் தேவையின்றிக் குழாய் செலுத்தினால் இதயத்துடிப்பு குறையக்கூடும். வழக்கமான உறிஞ்சலையே உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் என்னும் நெறியும் தளரக்கூடாது. அந்நெறி காக்கும் உயிர்கள் மிகப் பல. வேண்டுவது ஒரு வரம்புக்குட்பட்ட விதி மட்டுமே. பனிக்குட நீர் மிகுந்திருந்த கர்ப்பம், துடைக்கத் துடைக்க ஊறும் எச்சில், முதல் வாய்ப் பாலிலேயே புரையேற்றம், ஆசனவாய் இன்மை போன்ற வேறொரு பிறவிக் குறை ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின், அடுத்த பாலுக்கு முன் குழாய்ச் சோதனை. இக்குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், கைகால் என வேறிடத்திலும் குறை இருப்பதால், கடைசியாகச் சொன்ன அறிகுறி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது.

குறை கண்டறியப்பட்ட பின்னரும் சொல்லின் சிக்கல் தீர்வதில்லை. தமிழில் இதை ‘உணவுக்குழாய் அடைப்பு’ என்கிறோம். அடைப்பு என்றதும் எதுவோ வந்து அடைத்துக்கொண்டிருப்பதாகவும், மருந்தால் கரைத்துவிடலாம் என்பதாகவுமே எவரும் கருதுவர். கிரேக்க வேர்கொண்ட ‘அட்ரீசியா’ என்னும் மருத்துவச் சொல்லுக்குத் துளையின்மை என்றே பொருள்; அதில் அடைக்கும் பொருள் எதுவுமில்லை. ‘உணவுக்குழாய் இணையாமை’ என்று சொன்னால், குழாய் இரு துண்டாக இருக்கிறது, அறுவையால் இணைக்க வேண்டும் என்பது பெயரிலேயே விளங்கிவிடும். அறுவைக்கு ஒப்புதல் அளித்துக் கையெழுத்திடும் தந்தைக்கு அந்தத் தெளிவு தேவை. தாய்க்கு இன்னொரு தெளிவும் தேவை. தான் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் உறுதி செய்துகொள்ளும் முன்பே இக்குறை நேர்ந்துவிடுகிறது. அவர் உண்ட பழமோ, பார்த்த கிரகணமோ, தூக்கிய குடமோ இதற்குக் காரணமன்று. பெரும்பாலும் காரணம் இன்னதென்று கண்டறியப்படுவதில்லை. அடுத்த குழந்தைக்கு நேரும் வாய்ப்பு 100-இல் ஏறத்தாழ ஒன்றே. இதைச் சொல்லாமல் விட்டால், அந்த இடத்தை மாமியார் வீட்டின் பழிச்சொல் நிரப்பிவிடும்.

குழந்தை அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலுமே இருக்கிறார்கள். அந்நிலை ஓராண்டில் மாறிவிடாது. ஆனால் அங்கு சென்றுசேரும் வரை குழந்தையின் நுரையீரலைக் காப்பது மாவட்ட மருத்துவமனைக்கும் இயலும். வாய்வழியே ஒரு சொட்டும் தரலாகாது. தலைப்பகுதி உயர்ந்திருக்க வேண்டும். மேற்பையில் ஊறும் எச்சிலை விடாது உறிஞ்சி எடுக்க வேண்டும். உடல் குளிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 2011 முதல் நடைமுறையிலுள்ள ஜனனி ஷிஷு சுரக்ஷா கார்யக்ரம், நோயுற்ற பச்சிளங்குழந்தையை உயர்சிகிச்சைக்குக் கட்டணமின்றிக் கொண்டுசெல்ல வழிவகுக்கிறது. அவ்வண்டியில் உறிஞ்சு கருவி இயங்குகிறதா, உடன் செல்பவருக்கு அதைக் கையாளத் தெரியுமா என்பதே கேட்கப்பட வேண்டியது.

மைய அரசு தன் பட்டியலில் இக்குறையைச் சேர்க்கட்டும். அதுவரை மாநிலங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பேறுகால அறையின் சுவரிலும் அவ்வட்டார மொழியில் எழுதிவைக்க இரண்டு வாக்கியங்கள் போதும்: ‘குழந்தையின் வாயில் நுரை ஓயாமல் ஊறுகிறதா? பால் தருமுன் குழாய் இரைப்பை வரை செல்கிறதா என்று பாருங்கள்.’ குழாய் தடையின்றிச் சென்றுவிட்டால், அதன்பின் ‘தண்ணீர் குடித்துவிட்டது’ என்று சொல்வதில் பெருந்தீங்கில்லை. அதற்கு முன் அத்தொடர் எவர் வாயிலிருந்தும் வரலாகாது.