பனிக்கு அடியிலும் முத்துப் பாருக்கு அடியிலும்

அண்டார்க்டிகாவில் நம் மைத்ரி நிலையத்தில் 1997 முதல் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் நிலநடுக்க அலைகளைப் பதிவு செய்துவருகிறது. துருவ ஆய்வு என்று ஒதுக்கிவைக்கும் அந்தப் பதிவுகளைத் தூத்துக்குடிக் கரையின் பதிவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே நம் வாதம். கோண்டுவானா என்ற பழம் பெருங்கண்டத்தில் தென்தமிழகமும் இலங்கையும் கிழக்கு அண்டார்க்டிகாவை ஒட்டிக் கிடந்தன; சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மலையாக்கக் காலத்தில் வெந்து உருமாறின. அங்கே நிலத்தில் 98 விழுக்காட்டைப் பனி மூடியிருக்கிறது. இங்கே அதே வகைச் சார்னோகைட் பாறையைத் திருநெல்வேலிச் சீமையில் கையால் தொடலாம். பனிக்கடியில் அளந்த அலைவேகம் எந்தப் பாறையுடையது என்று அறிய இதைவிட நல்ல உரைகல் நமக்கு இல்லை.

2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, இந்தியப் பாறைக்கோளத்தின் தடிமன் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான், அண்டார்க்டிகா உள்ளிட்ட பிற கோண்டுவானாத் துண்டுகளுக்கு 180 முதல் 300 கிலோமீட்டர் என்றது. இந்தியா விரைந்து வடக்கே நகர்ந்ததற்கு இந்த மெலிவே காரணம் என்பது அதன் முடிவு. ஆனால் தார்வார் பகுதியில் மேற்பரப்பு அலைகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இதைவிடத் தடித்த பாறைக்கோளத்தையே காட்டின. 2007 ஆய்வு அளவுகோலாகக் கொண்ட, எஸ் அலை பி அலையாக மாறுகிற எல்லை பாறைக்கோளத்தின் அடித்தளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளடுக்கு ஒன்றும் அப்படி மாற்றும். ஆகவே, இரு கரையிலும் ஒரே கருவி, ஒரே அலைவரிசை, ஒரே கணிப்பு முறை என்று வைத்து அளக்கும்வரை அந்த ஒப்பீட்டை முடிந்த கதையாகக் கொள்ள முடியாது.

தூத்துக்குடித் துறைமுகக் கரையில் இரைச்சல் மிகுதி என்பார்கள். கப்பல் எந்திரங்களின் அதிர்வு பெரும்பாலும் ஒரு ஹெர்ட்சுக்கு மேல், அதை வடிகட்டிவிடலாம். உண்மையான தொல்லை கடலலை எழுப்பும் நுண்ணதிர்வு. தென்பெருங்கடல் புயல்கள் அனுப்பும் கள்ளக்கடல் அலை நம் கரைவரை வருகிறது. அண்டார்க்டிகாவிலோ குளிர்காலக் கடற்பனி அந்த அதிர்வை அடக்கிவிடுகிறது. அதனால் ஆண்டு முழுதும் பதிவு வேண்டும், சில வாரப் பதிவு போதாது. மன்னார் வளைகுடாவின் தடித்த வண்டல் எதிரொலித்து, புவியோட்டின் அடியான மோஹோ எல்லையின் குறியை மறைக்கும் என்பது வலுவான மறுப்பு. அண்டார்க்டிகாவின் உள்நிலத்தில் மூன்று கிலோமீட்டர்ப் பனியும் இதையேதான் செய்கிறது. வண்டலின் எதிரொலியைக் கழிக்கக் கற்கும் முறை பனிக்கும் உதவும்.

நம் பக்கத்துக் கருவிகளை வளைகுடாவின் கடலடியில் எங்கே இறக்குவது? முத்துப் பார்கள் ஆழம் குறைந்தவை. அங்கே இழுவலையும் அலையும் கருவியைக் கெடுக்கும். வளைகுடாவின் ஆழமான தென்பகுதியே தகுந்த இடம். இக்கருவிகள் வெடியோ காற்றுத் துப்பாக்கியோ இன்றி வெறுமனே கேட்பவை. அதை மீனவர்களிடம் முதலிலேயே சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு இறக்க வேண்டும். இலங்கைக்குத் தெற்கே, புவியீர்ப்பு குறைந்த கடற்பகுதியில் கடலடி நில அதிர்வுமானிகளை இறக்கிய அனுபவம் கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்துக்கு உண்டு. மைத்ரியை நடத்துவதும் அம்மையமே. மைத்ரிப் பதிவையும் வளைகுடாப் பதிவையும் ஒரே திட்டமாக அது முன்வைக்க வேண்டும்.